மீன்தொட்டியில் திடீரென்று ஒரு புழு: கால், வால், தாடை பார்த்துப் பிரிப்பது எப்படி?

செர்ரி இறால் குஞ்சுகள் ஒவ்வொன்றாகக் குறைகின்றன, செத்த உடலும் கிடைக்கவில்லை என்றால், செடிகளுக்குள் பூச்சி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். விளக்கை அணைத்து ஒரு மணி நேரம் கழித்து டார்ச் அடித்தால், பகலில் ஒளிந்திருப்பவை தண்டுகளில் தெரியும். வலை போட வேண்டாம், வால் உடைந்துவிடும். சிறு டம்ளரால் மொண்டு, வெள்ளைப் பீங்கான் தட்டில் ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்குத் தொட்டித் தண்ணீரோடே விடுங்கள். பத்து மடங்கு காட்டும் லென்ஸ் போதும்.

முதலில் கால். தலைக்குப் பின்னால் கணுக்களோடு ஆறு கால்கள் இல்லையா? சிவப்பாக, எட்டு வடிவில் நெளிந்தால் ரத்தப்புழு. மீன் தின்றுவிடும், கவலை வேண்டாம். நீர்மட்டத்தில் தொங்குவது கொசுப்புழு. மேல்மட்டம் அசையாமல் கிடக்கிறது என்று அர்த்தம், ஃபில்டர் வாயைச் சற்றே மேலே திருப்புங்கள். அம்புமுனைத் தலையோடு கண்ணாடியில் வழுக்கிக்கொண்டு போவது பிளனேரியா என்ற தட்டைப்புழு. அது பூச்சியே அல்ல.

ஆறு கால் இருந்தால் வாலைப் பாருங்கள். அதிகம் குழப்புவது இங்கேதான். இலை போல் தட்டையான மூன்று வால்கள், விலாவில் எதுவும் இல்லை, மீனைப் போல் இடமும் வலமுமாக உடலை ஆட்டி நீந்துகிறது என்றால் அது ஊசித்தட்டானின் இளம்பருவம். இறால் குஞ்சுகளைத் தின்பது பெரும்பாலும் இதுதான். வால்கள் நூல் போல் மெலிந்து, வயிற்றின் இருபுறமும் செவுள்கள் படபடத்து, உடல் மேலும் கீழுமாக வளைந்தால் மேஃப்ளை என்ற பறக்கும் பூச்சியின் இளம்பருவம். பாசி மேயும் சாது, விட்டுவிடலாம்.

ஊசித்தட்டானின் வால்கள் எளிதில் உதிரும். ஒரு வாலோடு, சில சமயம் வாலே இல்லாமல், வேறு ஏதோ பூச்சி போலத் தெரியும். அப்போது மெதுவாகப் புரட்டி முகவாய்க்கு அடியில் பாருங்கள். முன்னங்கால்களுக்கு இடையே மடங்கிக் கிடக்கும் கை போன்ற உறுப்பு இருந்தால் சந்தேகம் வேண்டாம். இரை அருகில் வந்ததும் அதை நீட்டித்தான் பிடிக்கும். தட்டானின் இளம்பருவத்துக்கும் இதே உறுப்பு உண்டு. ஆனால் அதன் உடல் பருமன், பின்நுனியில் குட்டை முட்கள்தான். தண்ணீரைப் பின்புறம் பீய்ச்சி முன்னால் பாயும். அரிவாள் போல் வளைந்த தாடையோடு, வால்நுனியை மேல்மட்டத்துக்குக் கொண்டுவந்து மூச்சு வாங்குவது நீர்வண்டின் புழு. அதையும் உடனே எடுங்கள்.

ஓடைக்கல்லில் வரும் இரட்டை வால் பூச்சி, ஸ்டோன்ஃப்ளையின் இளம்பருவம், தொட்டியில் நிலைக்காது. குளிர்ந்து ஓடும் தண்ணீர் அதற்கு வேண்டும். காப்புக்காட்டு ஓடைகளில் கல்லோ பாசியோ எடுப்பது சட்டப்படியும் தவறு.

'ஊசித்தட்டான்தானே, வளர்ந்து பறந்துவிடும், விட்டுவிடுவோம்' என்று ஊட்டியிலோ கொடைக்கானலிலோ இருக்கக் கூடாது. ஹீட்டர் இல்லாத தொட்டியில் குளிர் அதன் வளர்ச்சியை இழுத்துவிடும். மாதக்கணக்கில் இரை தேடிக்கொண்டே இருக்கும்.

பூச்சிமருந்து விடவே விடாதீர்கள். இறாலும் பூச்சியும் கணுக்காலிகள், இதைக் கொல்வது அதையும் கொல்லும். கையால் பொறுக்குவதே வழி. ஒன்று கிடைத்தால் இன்னும் இரண்டு வாரம் இரவில் தேடுங்கள்.

ஊசித்தட்டான் தண்டைக் கீறி உள்ளே முட்டையிடுவதால் செடியைக் கழுவிப் பயனில்லை. புதுச் செடியைத் தனி வாளியில் வையுங்கள். சமவெளியில் மூன்று வாரம் என்றால், மலையில் ஆறு வாரம். வாளியை வலைத்துணியால் மூடுங்கள், இல்லையென்றால் தோட்டத்துத் தட்டான் அதிலேயே முட்டையிட்டுவிடும்.