வேலைக்காக ஊர் மாறும்போது கிளாசிக் காரை என்ன செய்வது? தவிர்க்க வேண்டிய தவறுகள்

புது வேலைக்கான கடிதம் கைக்கு வந்ததும் வீடு, பிள்ளைகளின் பள்ளிக்கூடம், சாமான்கள் என்று எல்லாவற்றுக்கும் பட்டியல் போடத் தொடங்கிவிடுவோம். ஷெட்டில் நிற்கும் பழைய கார் அந்தப் பட்டியலில் கடைசியாக வரும். சில சமயம் வரவே வராது. "இப்போதைக்கு நிற்கட்டும், போய்ச் சேர்ந்ததும் பார்த்துக்கொள்ளலாம்" என்று கிளம்பிவிடுகிறோம். நல்ல நிலையில் இருந்த கார்கள் வீணாவதற்குப் பெரும்பாலும் இந்த நினைப்புதான் காரணம். விற்பது, கூடவே கொண்டுபோவது, முறையாக நிறுத்திவைப்பது, நம்பகமான ஒருவர் பொறுப்பில் விடுவது என நான்கு வழிகள் இருக்கின்றன. சூழ்நிலையைப் பொறுத்து நான்குமே நல்ல முடிவுகள்தான். எதையும் முடிவு செய்யாமல் கிளம்புவது மட்டும் எந்தக் காருக்கும் நல்லதல்ல.

எத்தனை காலம் என்று கேட்காமல் முடிவெடுப்பது

காரின் மேல் எவ்வளவு பாசம் என்பதை வைத்துத்தான் பலரும் யோசிக்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது காலக்கணக்கு. ஆறு மாதம், ஒரு வருடம் என்றால் நல்ல கூரையும் அவ்வப்போது எடுத்து ஓட்ட ஓர் ஆளும் இருந்தால் போதும். இரண்டு, மூன்று வருடம் என்றால் முறையாகத் தயார் செய்து நிறுத்த வேண்டும், மேற்பார்வைக்கு ஆள் வேண்டும், அதற்கு மாதாமாதம் பணமும் வேண்டும். ஐந்து வருடத்துக்கு மேல், அல்லது திரும்பி வருவதே நிச்சயமில்லை என்றால் விற்பதையோ கொண்டுபோவதையோதான் யோசிக்க வேண்டும். ஓடாமல் நின்றாலும் ரப்பர் இறுகும், சீல்கள் காயும், டயர் முதிரும். டயரின் பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கத் தேதிக் குறியீட்டைப் பாருங்கள். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது. பட்டன் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் பத்து வயதைத் தாண்டிய டயரை நம்பி நெடுஞ்சாலையில் ஏறக் கூடாது.

புது வேலையில் தகுதிகாண் காலம் இருந்தால் அது முடியும்வரை காரை விற்கவும் வேண்டாம், கப்பலேற்றவும் வேண்டாம். நீங்கள் முதலில் போங்கள், கார் பிறகு வரட்டும். போன இடத்தில் கூரையுள்ள நிறுத்துமிடம் கிடைக்கிறதா, கார்புரேட்டரில் கைவைக்கத் தெரிந்த மெக்கானிக் இருக்கிறாரா, அடித்தள நிறுத்துமிடத்தின் சரிவில் காரின் அடிப்பகுதி உரசாமல் இறங்குமா என்பதெல்லாம் அங்கே போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

இன்னொன்று. இடமாற்றச் செலவை நிறுவனம் ஏற்கும் என்றால், அதில் கார் அடங்குமா, இரண்டாவது கார் அடங்குமா, சேமிப்பு வாடகை அடங்குமா என்று கையெழுத்துப் போடும் முன்பே கேட்டுவிடுங்கள். வீட்டுச் சாமான்களுக்கு மட்டும் என்று வரையறுத்த ஒப்பந்தங்கள் நிறைய உண்டு. பேரம் பேச அப்போதுதான் இடம் இருக்கும்.

"சும்மா நிறுத்தினால் போதும்" என்று நம்புவது

அதிகமான கார்கள் கெடுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பெட்ரோலில் ஆரம்பிக்கலாம். இப்போது பல நாடுகளில் பெட்ரோலோடு எத்தனால் கலந்து வருகிறது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஈரம் ஓர் அளவைத் தாண்டினால் நீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து டாங்கின் அடியில் தங்கும். இரும்பு டாங்கில் துரு பிடிப்பது அந்த அடிப்பகுதியில்தான். பழைய ரப்பர் குழாய்களையும் எத்தனால் பதம் பார்க்கும். நீண்ட நாள் நின்ற காரின் கார்புரேட்டரைக் கழற்றிப் பார்த்தால், ஃப்ளோட் கிண்ணத்தின் அடியில் பழுப்பு நிறப் பிசின் ஒட்டியிருக்கும். நகத்தால் சுரண்டினால் ஏடாக வரும். பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டின் ஊசித்துளையில் அதே பிசின் அடைத்திருக்கும்போது எத்தனை முறை செல்ஃப் அடித்தாலும் வண்டி கிளம்பாது. கிடைத்தால் எத்தனால் கலக்காத பெட்ரோலை டாங்க் நிறைய நிரப்புங்கள். பெட்ரோல் கெடாமல் காக்கும் எரிபொருள் நிலைப்படுத்தியை டப்பாவில் சொன்ன அளவில் ஊற்றி, அது கார்புரேட்டர்வரை போய்ச் சேரும்படி கொஞ்ச நேரம் இன்ஜினை ஓட விடுங்கள். டாங்க் நிறைந்திருந்தால் உள்ளே ஈரக்காற்றுக்கு இடம் குறையும்.

அடுத்து பிரேக். சாதாரண கிளைக்கோல் வகை பிரேக் ஃப்ளூயிடும் ஈரத்தை இழுக்கும். நிறுத்தும் முன் புது ஃப்ளூயிட் மாற்றாவிட்டால் வீல் சிலிண்டருக்குள் துரு புள்ளி புள்ளியாக வந்து பிஸ்டன் இறுகிவிடும். ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டுப் போவது இன்னொரு பழக்கம். மாதக்கணக்கில் அப்படியே நின்றால் பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, கியரில் போட்டு, ஹேண்ட்பிரேக்கைத் தளர்த்திவிடுவதுதான் சரி.

இன்ஜின் ஆயிலை நிறுத்தும் முன்பே மாற்றிவிடுங்கள். "வந்த பிறகு மாற்றலாம், இப்போது எதற்கு வீண் செலவு" என்று தோன்றும். ஓடிய ஆயிலில் எரிப்பின் கழிவான அமிலமும் ஈரமும் கலந்திருக்கும். அது பேரிங்குகளின் மேல் மாதக்கணக்கில் ஊறிக் கிடப்பதைவிட புது ஆயில் கிடப்பது எவ்வளவோ மேல். நீரால் குளிரும் இன்ஜின் என்றால் கூலன்ட்டும் புதிதாக இருக்கட்டும்.

பேட்டரியைக் கழற்றி வைத்தால் மட்டும் போதாது. 12 வோல்ட் ஈய-அமில பேட்டரி முழு சார்ஜில் 12.6 வோல்ட்டுக்குச் சற்று மேல் காட்ட வேண்டும். தானாக இறங்கிக்கொண்டே வந்து, காலியாகவே கிடந்தால் தகடுகளில் சல்ஃபேட் படிந்து பேட்டரி பயனற்றுப் போகும். தானே நிறுத்தி தானே தொடங்கும் பராமரிப்பு சார்ஜர் இதற்கென்றே இருக்கிறது. 1960-களின் நடுப்பகுதிவரை வந்த பல பீட்டில் கார்களைப் போல 6 வோல்ட் கார் உங்களுடையது என்றால், சார்ஜரும் 6 வோல்ட்டாக இருக்க வேண்டும். பார்த்துக்கொள்ளும் ஆளிடம் இதை எழுதியே கொடுங்கள்.

காருக்கு மேல் பிளாஸ்டிக் தார்ப்பாய் வேண்டவே வேண்டாம். தரையிலிருந்து எழும் ஈரத்தை அது உள்ளேயே பிடித்து வைத்து, பெயின்டில் கொப்புளம் கிளப்பும். காற்றுப் போகும் துணி உறைதான் நல்லது. அறையின் ஈரப்பதம் 50 விழுக்காட்டை ஒட்டி இருந்தால் நல்லது, 60-ஐத் தாண்டினால் இரும்பில் துரு வேகம் பிடிக்கும். அதே நேரம் மிகவும் வறண்டு போனாலும் தோல் இருக்கையும் மர வேலைப்பாடும் வெடிக்கும். எலியையும் மறக்கக் கூடாது. ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் கூடு கட்டும், வயரைக் கடிக்கும். சைலன்சர் வாயையும் காற்று உள்ளிழுக்கும் வாயையும் கம்பிவலையால் அடைத்து, அடைத்திருக்கும் செய்தியை ஸ்டியரிங்கில் சீட்டாகக் கட்டி வையுங்கள்.

சரி, "வாரம் ஒரு தடவை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் பண்ணிவிட்டால் போதாதா?" என்று எல்லோரும் கேட்பார்கள். அந்த யோசனை காருக்குக் கெடுதல். பெட்ரோல் எரியும்போது நீராவி உண்டாகும். ஐந்து நிமிடத்தில் ஆயிலும் சைலன்சரும் சூடேறாததால் அந்த நீர் வெளியேறாமல் உள்ளேயே தங்கி, சைலன்சரை உள்ளிருந்து அரிக்கும். ஓட்டுவதென்றால் ஆயில் நன்றாகச் சூடாகும்வரை, குறைந்தது அரை மணி நேரம், சாலையில் ஓட்ட வேண்டும். அதற்கு வழியில்லை என்றால் ஸ்டார்ட்டே செய்யாமல் விட்டுவிடுவது மேல்.

வாய்வார்த்தையில் ஒப்படைப்பது

மச்சானிடமோ நண்பரிடமோ சாவியைக் கொடுத்து "பார்த்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போகிறோம். எதைப் பார்த்துக்கொள்வது? மழையில் எடுக்கலாமா? வேறு யாராவது ஓட்டலாமா? பழுது வந்தால் எவ்வளவுவரை கேட்காமல் செலவு செய்யலாம்? இடித்துவிட்டால் யார் கொடுப்பது? உறவுக்குள் இதை எழுதி வைக்கக் கூச்சமாக இருக்கும். ஆனால் பிணக்கு வருவது கார் கெட்டுப்போனதால் மட்டுமில்லை, இந்தக் கேள்விகளுக்கு ஆளுக்கொரு பதில் மனதில் வைத்திருந்ததாலும்தான். ஒரு பக்கம் எழுதினால் போதும். பதிவு உங்கள் பெயரில் இருக்கும்வரை அபராதச் சீட்டும் விபத்துப் பொறுப்பும் உங்களைத் தேடி வரலாம் என்பதால், ஓட்டுபவரின் பெயரை இன்சூரன்ஸிலும் சேர்த்துவிடுங்கள்.

கொண்டுபோகும்போது

ஒரே நாட்டுக்குள் என்றால் மூடிய டிரெய்லர்தான் என் தேர்வு. கட்டணம் கூடுதல்தான், ஆனால் கல் தெறிக்காது, மழை படாது. தரைக்கு மிக நெருக்கமான கார் என்றால் ஹைட்ராலிக் ஏற்றுமேடை உள்ள வண்டியைக் கேளுங்கள். ஏற்றும் முன் எல்லாப் பக்கமும், அடியிலும், ஓடிய கிலோமீட்டர் தெரியும்படியும் படம் எடுத்து, ஓட்டுநரோடு சேர்ந்து நிலை அறிக்கையில் கையெழுத்து வாங்குங்கள். காரைக் கிளப்பும் முறையையும் எழுதிக் கொடுங்கள்: சோக் எவ்வளவு இழுக்க வேண்டும், மறைவான மின்துண்டிப்பு சுவிட்ச் எங்கே, ரிவர்ஸ் எந்தப் பக்கம். தினமும் புதுக் கார்களை ஏற்றி இறக்கும் ஆளுக்கு இவை தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

கடல் தாண்டுவது வேறு விஷயம். கப்பலில் இடம் பிடிப்பதற்கு முன்பே போகும் நாட்டின் விதியைப் படிக்காததுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு. அமெரிக்காவில் தயாரிப்புத் தேதியிலிருந்து 25 வருடம் நிறைந்த காருக்குக் கூட்டரசின் பாதுகாப்புத் தரநிலைகளிலிருந்து விலக்கு உண்டு. இரண்டு மாதம் குறைந்தாலும் அந்த விலக்கு கிடையாது. கனடாவில் அதுவே 15 வருடம். ஆஸ்திரேலியாவில் 2003 டிசம்பர் 31 முதல் ஆஸ்பெஸ்டாஸுக்கு முழுத் தடை இருக்கிறது. பழைய கார்களின் பிரேக் லைனிங், கிளட்ச் தகடு, கேஸ்கெட் இவற்றிலெல்லாம் அது இருக்கக்கூடும். நீக்கி, பரிசோதித்து, சான்றோடு அனுப்பாவிட்டால் துறைமுகத்திலேயே மாட்டிக்கொள்ளும். இறக்குமதி அனுமதியையும் கார் கப்பலேறும் முன்பே வாங்க வேண்டும். 35 வயதுக் கார் ஒன்று ஜெர்மனியில் வரலாற்று வாகன எண்பலகை கேட்கலாம், ஏனென்றால் அங்கே வரம்பு 30. பிரிட்டனில் வரம்பு 40 என்பதால் அதே கார் அங்கே சாதாரணக் கார்தான். ஐரோப்பிய ஒன்றியத்துக்குக் குடிபெயர்பவர்களுக்குக் காருக்கான சுங்கவரியில் சலுகை உண்டு. பொதுவாக அதற்கு முன்பே குறைந்தது ஆறு மாதம் வைத்து ஓட்டியிருக்க வேண்டும், கொண்டுவந்த பிறகு 12 மாதம் விற்கவோ இரவல் கொடுக்கவோ கூடாது. கிளம்பும் ஜோரில் ஆசைப்பட்டு ஒரு கிளாசிக் காரை வாங்கிக் கொண்டுபோகிறவர்கள் இதில்தான் சிக்குகிறார்கள்.

கன்டெய்னரா, நேரே ஓட்டி ஏற்றும் கப்பலா? பழைய காருக்குக் கன்டெய்னரைத்தான் சொல்வேன், ஆனால் அளந்து பாருங்கள். உள் அகலம் சுமார் 2.35 மீட்டர். 1.8 மீட்டர் அகலமுள்ள கார் உள்ளே போனால் ஒரு பக்கத்துக்கு ஓர் அடிக்கும் சற்றுக் குறைவாகத்தான் மிஞ்சும். நீளமான கதவுள்ள இரண்டு கதவுக் கார் என்றால் ஓட்டிச் சென்றவர் வெளியே வரும்போது கதவின் விளிம்பு கன்டெய்னரின் இரும்புச் சுவரில் இடிக்கும். தள்ளியோ வின்ச்சால் இழுத்தோ ஏற்றச் சொல்லுங்கள். கட்டும் பட்டையைச் சக்கரத்தின் மேல் போட வேண்டும், பம்பரிலோ ஸ்டியரிங் கம்பியிலோ போடக் கூடாது.

கடல்வழி இன்சூரன்ஸ் இல்லாமல் அனுப்பவே அனுப்பாதீர்கள். 2022 பிப்ரவரியில் ஃபெலிசிட்டி ஏஸ் என்ற கப்பல் சுமார் 4,000 கார்களோடு தீப்பிடித்து, அசோர்ஸ் தீவுகள் அருகே அடுத்த மாதம் மூழ்கியது. கார் பத்திரமாக இருந்தாலும் செலவு வரலாம். கப்பலைக் காப்பாற்ற ஆகும் செலவைச் சரக்கின் சொந்தக்காரர்கள் எல்லோரும் பங்கு போட்டுக் கட்டும் பழைய கடல் வழக்கம் ஒன்று உண்டு. 2021-ல் சூயஸ் கால்வாயில் எவர் கிவன் சிக்கியபோது அதைத்தான் அறிவித்தார்கள். அந்தப் பங்கும் பாலிசியில் அடங்குகிறதா என்று கேளுங்கள்.

பழைய பாலிசியை அப்படியே விடுவது

கிளாசிக் காருக்கு முன்கூட்டியே ஒப்புக்கொண்ட மதிப்பில் பாலிசி எடுப்பது வழக்கம். அதில் கார் எங்கே நிற்கும், எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று நிபந்தனை இருக்கும். இடம் மாறியதைச் சொல்லாமல் விட்டால் இழப்பீடு மறுக்கப்படலாம். ஓட்டாமல் நிறுத்தும் காலத்துக்குத் தீ, திருட்டுக்கு மட்டுமான பாலிசி குறைந்த தொகையில் கிடைக்கும். பாலிசியையே நிறுத்திவிடுவது வேண்டாம்.

விற்பதென்றால்

கடைசி வாரத்தில் விற்கக் கிளம்பினால் எதிரில் இருப்பவருக்கு உங்கள் அவசரம் தெரிந்துவிடும். கிளாசிக் காருக்கு வாங்குபவர்கள் குறைவு, சரியான ஆள் வரச் சில மாதம்கூட ஆகலாம். விற்கும் எண்ணம் இருந்தால் வேலை உறுதியான நாளிலேயே தொடங்குங்கள். பாதியில் நிற்கும் மறுசீரமைப்பை அவசரமாக முடிக்கவும் பார்க்காதீர்கள். வாங்குபவர் அவசரப் பெயின்டை நம்ப மாட்டார், பழைய பெயின்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தெரிந்தால் நம்புவார். ரசீதுகள், பழைய படங்கள், உதிரிபாகப் பெட்டி, கழற்றி வைத்த அசல் பாகங்கள் எல்லாவற்றையும் காரோடு சேர்த்துக் கொடுங்கள். தனித்தனியாக விற்றால் கொஞ்சம் காசு கிடைக்கும், ஆனால் காரின் விலை அதைவிட அதிகமாக இறங்கும்.

பணம் கைக்கு வந்ததும் பெயர் மாற்றத்தை வாங்குபவர் பொறுப்பில் விட்டுவிட்டு விமானம் ஏறாதீர்கள். விண்ணப்பத்தை நீங்கள் இருக்கும்போதே தாக்கல் செய்து, ஒப்புகைச் சீட்டின் நகலை வைத்துக்கொண்டு, பதிவு அவர் பெயருக்கு மாறிய பிறகு பாலிசியை ரத்து செய்யுங்கள்.