பார்க்கும் வேலையிலேயே பிஎச்டி தலைப்பு: எங்கெங்கே சறுக்குகிறது?

வேலையில் இருந்துகொண்டே பகுதிநேரமாகப் பிஎச்டி செய்பவர்கள் தங்கள் தொழிலை ஒட்டியே தலைப்பு எடுப்பது நல்லதுதான். ஆனால் வேலையில் உறுத்துகிற பிரச்சினையை அப்படியே தலைப்பாக்கிவிடுகிறார்கள். பாதி ஆய்வுகள் தடுமாறுவது அங்கேதான்.

ஐசியூவில் வேலை பார்க்கும் செவிலியர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவரை உறுத்துவது, ஒரே நிலையில் நெடுநேரம் படுத்திருப்பதால் நோயாளிகளுக்கு வரும் படுக்கைப்புண். ‘படுக்கைப்புண் தடுப்பில் செவிலியரின் பங்கு’ என்று தலைப்பு வைத்தால் விடை முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. பங்கு இல்லை என்று யார் சொல்லப்போகிறார்கள்? முடிவு இப்படியும் வரலாம், அப்படியும் வரலாம் என்றால்தான் அது கேள்வி. ‘இரவு ஷிப்டில் நோயாளியைத் திருப்பிப் படுக்கவைப்பது விட்டுப்போவதற்கு ஆள் பற்றாக்குறை காரணமா, ஷிப்ட் மாறும் நேரத்துக் குழப்பம் காரணமா?’ என்று கேட்டால் ஆய்வு தொடங்கிவிடும்.

அடுத்த சறுக்கல், கையில் இருக்கும் பதிவேட்டை அப்படியே தரவு என்று நம்புவது. 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பியதாக சார்ட்டில் இருக்கும். ஆனால் எல்லாக் கட்டங்களும் ஷிப்ட் முடியும்போது ஒரே மூச்சில் நிரப்பப்பட்டிருக்கலாம் என்பது வார்டில் இருப்பவருக்குத் தெரியும். வெளியாள் கண்ணில் படாத இந்த விஷயம்தான் தொழில் தரும் உண்மையான பலம். ஆகவே நேரில் கவனித்துப் பதிய வேண்டும். யாரோ கவனிக்கிறார்கள் என்றால் எல்லோரும் ஒழுங்காகச் செய்வார்கள் என்பதால், முதல் சில நாள் பதிவுகளைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது நல்லது.

அனுமதி விஷயத்தில் பலர் ஏமாந்துபோகிறார்கள். பகுதிநேரச் சேர்க்கைக்கு நிர்வாகம் தரும் தடையில்லாச் சான்று, நோயாளிகளின் பதிவேட்டைப் பார்ப்பதற்கான அனுமதி ஆகாது. அதற்குத் தனிக் கடிதம் வேண்டும். ஆய்வில் பங்கேற்பவர்களின் நலனைப் பார்க்கும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் தரவு சேகரிப்பதற்கு முன்பே கையில் இருக்க வேண்டும். சேகரித்துவிட்டுப் போய்க் கேட்டால் கிடைக்காது. நீங்களே இன்சார்ஜ் என்றால், உங்களுக்குக் கீழே இருப்பவர்களிடம் நீங்களே கேள்விப் படிவம் நீட்டாதீர்கள். மேலதிகாரிக்கு ‘முடியாது’ என்று சொல்ல அவர்களால் இயலாது. ஐசிஎம்ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017 நெறிமுறைகளும் கீழ்ப்பணியாளர்களைப் பாதுகாப்புத் தேவைப்படும் பிரிவினராகவே கருதுகின்றன. தொடர்பில்லாத ஒருவர் மூலம், பெயர் எழுதாமல் படிவத்தை நிரப்பி வாங்குங்கள்.

தலைப்பைப் பதியும் முன் எண்ணிக்கையைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் ஐசியூவில் மாதம் 8 பேருக்குப் படுக்கைப்புண் வருகிறது, ஆய்வுக்கு 200 பேர் வேண்டும் என்றால், தரவு சேர்க்கவே 25 மாதம் ஆகும். யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2022 விதிகளின்படி பிஎச்டிக்குக் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6 ஆண்டு. அதற்குமேல் மறுபதிவு செய்துதான் நீட்டிக்க முடியும். நடுவில் இடமாற்றம் வந்தால் என்ன செய்வது என்பதையும் இப்போதே யோசித்துவிடுங்கள். ஒரே ஒரு வார்டை நம்பி நிற்கும் தலைப்பு அதோடு முடங்கிவிடும். இரண்டு மருத்துவமனைகளில் அனுமதி வாங்கிவைப்பது பாதுகாப்பு.

‘வேலைத் திருப்தி’, ‘பணி அழுத்தம்’ என்ற தலைப்புகளை, இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைத் தொகுத்து வைத்திருக்கும் சோத்கங்கா இணையதளத்தில் தேடிப் பாருங்கள், மலைத்துப்போவீர்கள். மாவட்டத்தின் பெயரை மட்டும் மாற்றிவிட்டு அதைப் புதிய ஆய்வு என்று சொல்ல முடியாது. கிடைக்கும் ஆய்வேடுகளில் ஐந்தாறின் கடைசி இயலை மட்டுமாவது படியுங்கள். மேற்கொண்டு செய்ய வேண்டியதை அவர்களே அங்கே எழுதியிருப்பார்கள்.

ஆய்வுக்கு வழிகாட்டும் நெறியாளரைப் பொறுத்தவரை, ஒரே நேரத்தில் பேராசிரியருக்கு 8, இணைப் பேராசிரியருக்கு 6, உதவிப் பேராசிரியருக்கு 4 மாணவர்கள் என்பதே உச்சவரம்பு. ஓய்வு பெற 3 ஆண்டுகளுக்கும் குறைவாக இருப்பவர் புதிதாக யாரையும் சேர்க்க முடியாது. தலைப்பைப் பேசப்போகும் முதல் நாளே இவ்விரண்டையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.