நன்றாக ஓடும் பைக்கை மாற்றலாமா? முடிவெடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

அடிக்கடி நின்றுபோகும் வண்டியை மாற்றுவதில் குழப்பமே இல்லை. ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆகி, வழியில் காலை வாராமல், பல வருஷமாக ஓடிக்கொண்டிருக்கும் வண்டியை என்ன செய்வது என்பதில்தான் குழப்பம். "எது நல்ல வண்டி?" என்று கேட்டால் புது மாடல்தான் எப்போதும் ஜெயிக்கும். அதனால் கேள்வியை மாற்றிக் கேளுங்கள்: உங்களுக்குத் தேவையான எந்த வேலையைப் பழைய வண்டியால் செய்ய முடியவில்லை? அந்தக் குறையைப் பழைய வண்டியிலேயே சரிசெய்ய முடியுமா, முடியாதா?

பழைய வண்டியில் சரிசெய்யக்கூடிய குறைகள்

மாற்ற நினைப்பவர்கள் சொல்லும் காரணங்களில் பெரும்பாலானவை வண்டியின் வயதால் வந்தவை அல்ல, தேய்ந்துபோன பாகங்களால் வந்தவை. பிரேக் பிடித்தால் முன்பக்கம் குப்புற இறங்குகிறது, பள்ளத்தில் "டங்" என்று அடிக்கிறது என்றால் முதலில் ஃபோர்க்கில் (முன்சக்கரத்தைத் தாங்கும் சஸ்பென்ஷன் குழாய்கள்) உள்ள ஆயிலைப் பாருங்கள். சர்வீஸில் எஞ்சின் ஆயிலை மறக்காமல் மாற்றுவார்கள். ஃபோர்க் ஆயில் மட்டும் வண்டி வாங்கிய நாளிலிருந்து அப்படியே கிடக்கும். 20,000 கிலோமீட்டரைத் தாண்டிய ஆயில் கறுத்து, நீர்த்து, நாற்றமடித்து வெளியே வரும். மாற்றும்போது ஸ்பிரிங்கின் நீளத்தையும் அளந்து, மேனுவலில் உள்ள குறைந்தபட்ச அளவோடு ஒப்பிடுங்கள்.

ஸ்பிரிங் உங்கள் எடையைத் தாங்குகிறதா என்பதை வீட்டிலேயே அளந்துவிடலாம். முன்சக்கரம் தரையில் படாதபடி வண்டியைத் தூக்கி நிறுத்தி, ஃபோர்க் குழாயின் வெளியே தெரியும் பகுதியை அளந்துகொள்ளுங்கள். பிறகு ஹெல்மெட், ஜாக்கெட்டோடு உட்கார்ந்து, இன்னொருவரை அளக்கச் சொல்லுங்கள். இரண்டு அளவுக்கும் உள்ள வித்தியாசம் ஃபோர்க்கின் மொத்தப் பயணத்தில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும். மொத்தப் பயணம் 120 மி.மீ. என்றால் 30 முதல் 40 மி.மீ. வரை சரி. அதைவிட அதிகம் இறங்கினால் ஸ்பிரிங் உங்களுக்குப் போதாது. கனமான ஸ்பிரிங்கும் புது ஆயிலும் போட்டபின் அதே வண்டி வேறு வண்டிபோல ஓடும்.

வளைவில் பிடிமானம் இல்லை என்பவர்கள் டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள். 2319 என்றிருந்தால் அது 2019-ஆம் வருஷத்தின் 23-ஆவது வாரத்தில் தயாரானது. டயரின் பூ (வெட்டுக்கோடுகள்) நிறைய இருந்தாலும் ஐந்தாறு வருஷத்தில் ரப்பர் இறுகிவிடும், ஈரத்தில் வழுக்கும். பிரேக் பஞ்சுபோல அமுங்கினால், ஈரத்தை உறிஞ்சிய பிரேக் ஆயிலும் விரிந்துகொடுக்கும் பழைய ரப்பர் ஹோஸும்தான் முதல் சந்தேகம். ஹெட்லைட் மங்கல் என்றால் பல்பின் முனையில் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். பேட்டரியில் உள்ளதைவிட 1 வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் வெளிச்சத்தை வயரும் சுவிட்சும் தின்கின்றன; ஒரு ரிலே (பேட்டரியிலிருந்து பல்புக்கு நேராகக் கரண்ட் விடும் சிறு சுவிட்ச்) போட்டால் தீர்ந்தது.

சரிசெய்ய முடியாதவை

இந்தப் பட்டியல் சிறியது. முதலிடம் ஏபிஎஸ், அதாவது திடீரென பிரேக் பிடித்தாலும் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் தடுக்கும் அமைப்பு. 1988-லேயே பிஎம்டபிள்யூ அதை கே100 பைக்கில் கொடுத்துவிட்டது. இன்று பல நாடுகளில் சிறிய எஞ்சின்களைத் தவிர மற்ற புது பைக்குகளுக்கு இது கட்டாயம். ஏபிஎஸ் இல்லாத வண்டியில் அதைப் பிறகு பொருத்துவது நடைமுறையில் ஆகாத காரியம். சக்கர சென்சார், ஹைட்ராலிக் யூனிட், அந்த வண்டியின் எடைக்கும் நீளத்துக்கும் ஏற்ப எழுதிய மென்பொருள் எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தினால்தான் அது வேலை செய்யும். "ஏபிஎஸ் போல" என்று விற்கப்படும், பிரேக் லைனில் திருகும் சிறு உருளைகளை நம்பிப் பணம் போடாதீர்கள்.

தினமும் போக்குவரத்து நெரிசலிலும் மழையிலும் ஓட்டுபவரிடம் ஏபிஎஸ் இல்லாத வண்டி இருந்தால், மாற்றுவதற்கு அந்த ஒரு காரணமே போதும். கலர் டிஸ்ப்ளே, ரைடிங் மோட், க்விக் ஷிஃப்டர் (கிளட்ச் பிடிக்காமல் கியர் மாற்றும் வசதி) எல்லாம் சேர்ந்தாலும் இதன் பக்கத்தில் நிற்காது. சாய்ந்திருக்கும்போதும் பிரேக்கை அளவோடு விடும் ஏபிஎஸ், 2014 மாடல் கேடிஎம் 1190 அட்வென்ச்சரில் பாஷ் நிறுவனத்தின் அமைப்பாக வந்து, பிறகு மற்ற வண்டிகளுக்கும் பரவியது. நெடுந்தூரம் வேகமாகப் போகிறவர்களுக்கு அது பெரிய உதவி.

அடுத்தது எடையும் உயரமும். முழங்கால், இடுப்பு வலியால் கனமான வண்டியைத் தள்ள முடியாமல் போனால் எந்த ஸ்பேரும் அதைத் தீர்க்காது. ஒப்பிடும்போது கெர்ப் வெயிட்டை (பெட்ரோல், ஆயில் எல்லாம் சேர்த்த எடை) கெர்ப் வெயிட்டோடு மட்டும் ஒப்பிடுங்கள். பெட்ரோலும் ஆயிலும் இல்லாமல் சொல்லப்படும் டிரை வெயிட் 15, 20 கிலோ குறைத்துக் காட்டும்.

பழைய வண்டியின் உண்மை நிலை

"நல்லாத்தான் ஓடுது" என்பதை அளவுகளால் உறுதிப்படுத்த வேண்டும். நல்ல மெக்கானிக் அரை நாளில் இவை எல்லாவற்றையும் பார்த்துவிடுவார்.

கம்ப்ரஷன் டெஸ்ட் (சிலிண்டருக்குள் எழும் அழுத்தத்தை பிளக் துளையில் கேஜ் வைத்து அளப்பது): எஞ்சின் சூடாக இருக்க வேண்டும், பேட்டரி முழு சார்ஜில் இருக்க வேண்டும். எல்லா பிளக்கையும் கழற்றி, பிளக் வயரை எர்த் செய்து, த்ராட்டிலை முழுக்கத் திறந்து வைத்து, கேஜின் முள் ஏறுவது நிற்கும்வரை செல்ஃப் அடிக்க வேண்டும். த்ராட்டிலை மூடிவைத்து எடுத்த அளவு பொய்யாகக் குறைந்து காட்டும். பலர் செய்யும் தவறு இதுதான். அளவு மேனுவலில் உள்ளதைவிடக் குறைந்தால் பிளக் துளை வழியே ஒரு டீஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். இப்போது ஏறினால் பிஸ்டன் ரிங்கும் போரும் (சிலிண்டரின் உட்சுவர்) தேய்ந்துள்ளன. ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட். சில எஞ்சின்களில் கேம்ஷாஃப்டிலேயே டீகம்ப்ரஷன் அமைப்பு (ஸ்டார்ட் செய்யும்போது அழுத்தத்தைக் குறைப்பது) உண்டு. அவற்றில் அளவு இயல்பாகவே குறைவாக வரும் என்பதால் மேனுவலைப் பார்க்காமல் பயப்பட வேண்டாம். இரண்டு, நான்கு சிலிண்டர் வண்டிகளில் ஒன்றுக்கொன்று 15 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அதற்குக் காரணம் தேட வேண்டும்.

புகையும் பேசும். நின்றிருந்த வண்டியை ஸ்டார்ட் செய்தவுடன் கொஞ்சம் நீலப்புகை வந்து நின்றுவிட்டால் வால்வு சீல். அது சின்ன வேலை. முறுக்கும்போதெல்லாம் நீலப்புகை வந்தால் ரிங், போர் வேலை காத்திருக்கிறது.

டேப்பெட் அளவுகளில் (வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவே உள்ள சிறு இடைவெளி) ஒரே ஒரு அளவை வைத்து எதுவும் சொல்ல முடியாது. அது எப்படி மாறிவருகிறது என்பதுதான் செய்தி. எக்ஸாஸ்ட் வால்வின் இடைவெளி ஒவ்வொரு சர்வீஸிலும் குறைந்துகொண்டே போனால் வால்வு அதன் சீட்டுக்குள் புதைகிறது என்று அர்த்தம். இடைவெளி முற்றிலும் போய்விட்டால் வால்வு முழுக்க மூடாது. சீட்டின் வழியாகத்தான் அதன் சூடு இறங்க வேண்டும் என்பதால், மூடாத வால்வு கருகும். சூடான எஞ்சின் மறுபடி ஸ்டார்ட் ஆக அடம்பிடிப்பது இதன் ஆரம்ப அடையாளம். அளவுகள் இரண்டு மூன்று சர்வீஸாக நகராமல் நின்றால் அந்த ஹெட்டுக்கு இன்னும் நிறைய ஆயுள் இருக்கிறது.

சார்ஜிங்: எஞ்சின் நின்றிருக்கும்போது நல்ல பேட்டரி 12.6 வோல்ட்டுக்குக் குறையாமல் காட்ட வேண்டும். 4,000, 5,000 ஆர்பிஎம்மில் 13.5 முதல் 14.5 வரை. 13-ஐத் தொடாவிட்டால் ஸ்டேட்டர் (கரண்ட் உற்பத்தி செய்யும் சுருள்) அல்லது ரெக்டிஃபையர் (அதைச் சீராக்கி பேட்டரிக்கு அனுப்புவது); 15-ஐத் தாண்டினால் ரெக்டிஃபையர் கட்டுப்பாட்டை இழந்துவிட்டது, பேட்டரியையும் ஈசியூவையும் (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) கூட்டிக்கொண்டு போகும். பல வண்டிகளில் ஸ்டேட்டரிலிருந்து மூன்று மஞ்சள் வயர்கள் ஒரு வெள்ளை பிளாஸ்டிக் கனெக்டருக்கு வரும். அதைக் கழற்றிப் பாருங்கள். ஒரு முனையைச் சுற்றி பிளாஸ்டிக் டீ நிறத்தில் பழுத்தோ, உருகியோ இருந்தால் அங்கே தொடர்பு தளர்ந்து சூடேறுகிறது. அப்படியே விட்டால் நாளடைவில் ஸ்டேட்டரும் போகும். இப்போதே கனெக்டரை மாற்றினால் சில நிமிட வேலை.

கோன் செட்டை (ஹேண்டில் திரும்பும் இடத்தில் உள்ள பேரிங்) பார்க்க முன்சக்கரத்தைத் தூக்கி, ஹேண்டிலை மெதுவாக இடவலமாகத் திருப்புங்கள். நேராக வரும்போது ஒரு பள்ளத்தில் விழுவதுபோல "டக்" என்று நின்றால் பேரிங்கின் பால்கள் அவை உருளும் ரேஸில் (வளையத்தில்) குழி போட்டுவிட்டன. வண்டி பெரும்பாலும் நேராகவே ஓடுவதால் குழியும் நடுவில்தான் விழும். செயினைப் பின் ஸ்ப்ராக்கெட்டின் பின்நுனியில் பிடித்து இழுத்து, பல்லில் பாதிக்கு மேல் தெரிந்தால் செயின் செட் முடிந்தது. பிரேக் டிஸ்க்கின் குறைந்தபட்ச தடிமன் டிஸ்க்கிலேயே பொறிக்கப்பட்டிருக்கும்.

இவை எல்லாம் தேயும் பாகங்கள். வண்டியை மாற்றக் காரணமே இல்லை. சேஸிஸில் வெல்டிங் அருகே விரிசல், விபத்தில் கோணிய ஃப்ரேம், உள்ளே துருப்பிடித்து ஓட்டையான டேங்க் ஆகியவை வேறு வகை. டேங்கின் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும். பழைய கார்பரேட்டர் வண்டிகளின் ரப்பர் பாகங்கள் சிலவற்றை ஊதவும் வைக்கும். அதனால் நீண்ட நாள் நிறுத்திவைத்த வண்டியில் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

ஸ்பேர் கிடைக்குமா?

ஸ்பேர் கிடைக்காவிட்டால் நல்ல நிலையில் உள்ள வண்டியும் வீட்டில் முடங்கிவிடும். பேரிங், ஆயில் சீல் பற்றிக் கவலை வேண்டாம். பேரிங்கில் 6202, 6302 என்று பொறித்திருக்கும் எண்ணைச் சொன்னால் எந்த பேரிங் கடையிலும் கிடைக்கும். ஆயில் சீலும் அளவைச் சொன்னால் கிடைத்துவிடும். உங்கள் மாடலுக்கென்றே செய்தவைதான் சிக்கல்: சிடிஐ (பிளக்கில் பொறி விழவைக்கும் பெட்டி) அல்லது ஈசியூ, ஸ்டேட்டர், பெட்ரோல் பம்ப், சிலிண்டர்-பிஸ்டன் கிட், ஹெட் கேஸ்கெட், டைமிங் செயின், ஃபோர்க் குழாய், ஹேண்டில் சுவிட்ச், சாவி லாக் செட், மீட்டர். இந்தப் பத்தையும் பார்ட் நம்பரோடு எழுதி, இன்றைக்கு ஆர்டர் கொடுத்தால் எத்தனை நாளில் வரும் என்று விசாரியுங்கள். "வரும், பார்க்கலாம்" என்ற பதிலை "இல்லை" என்றே எழுதிக்கொள்ளுங்கள்.

தினமும் வேலைக்குப் போக இது ஒன்றுதான் வண்டி, பத்தில் மூன்று நான்கு கிடைக்காது என்றால், மாற்றும் காலம் வந்துவிட்டது. வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே விற்றால்தான் விலையும் கிடைக்கும். வீட்டில் இன்னொரு வண்டி இருந்தால் அவசரமில்லை. கிடைக்காத எலக்ட்ரிக்கல் பாகத்தை மட்டும் பழையதாவது ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

செலவுக் கணக்கு

புது வண்டியின் மொத்த விலையை 100 என்று வையுங்கள். மூன்று வருஷத்துக்குக் கணக்குப் போடுங்கள். உதாரணமாக, புது வண்டி மூன்று வருஷத்தில் 60-க்கு விலைபோனால் தேய்மானம் 40. இன்ஷூரன்ஸ் கூடுதல் 8, சர்வீஸ் 7, க்ராஷ் கார்டு, சாமான் பாக்ஸ் போன்றவை 5. மொத்தம் 60. பழைய வண்டி இன்று 25 பெறும், மூன்று வருஷம் கழித்து 15 என்றால் தேய்மானம் 10. சஸ்பென்ஷன், டயர், கோன் செட், செயின் செட் எல்லாம் சேர்த்து ரிப்பேர் 25, சர்வீஸ் 8. மொத்தம் 43. உங்கள் எண்கள் வேறாக இருக்கும். கணக்குப் போடும் விதம் இதுதான். போன வருஷம் எஞ்சினுக்குச் செலவழித்ததை இதில் சேர்க்காதீர்கள். வைத்திருந்தாலும் விற்றாலும் அந்தப் பணம் திரும்பாது.

மைலேஜுக்காக மாற்றுவதாகச் சொல்பவர்கள் லிட்டரில் கணக்குப் பாருங்கள். வருஷத்துக்கு 10,000 கிலோமீட்டர் ஓட்டினால், லிட்டருக்கு 45 கிலோமீட்டர் கொடுக்கும் வண்டி 222 லிட்டர் குடிக்கும். 50 கொடுப்பது 200 லிட்டர். வருஷத்துக்கு 22 லிட்டருக்காக ஒரு வண்டியை மாற்ற வேண்டாம்.

புது வண்டியைச் சோதிப்பது

ஷோரூமைச் சுற்றி ஒரு ரவுண்டு போய்வருவது சோதனை ஆகாது. ஒரு மணி நேரமாவது வேண்டும். கிடைக்காவிட்டால் அதே மாடலை வாடகைக்கு எடுங்கள். பின்னால் வழக்கமாக உட்காருபவரையும் கூட்டிப்போங்கள். நெரிசலில் முதல் கியரில் ஊர்ந்து பாருங்கள்: கால் சுடுகிறதா, த்ராட்டில் வெட்டுகிறதா? புகைக் கட்டுப்பாட்டுக்காகக் குறைந்த பெட்ரோலில் ஓடும்படி ட்யூன் செய்த சில எஞ்சின்கள் இந்த இடத்தில்தான் குலுங்கும். எஞ்சினை நிறுத்தி, லேசான ஏற்றத்தில் வண்டியைப் பின்னால் தள்ளிப் பாருங்கள். முடிந்தால் இரவிலும் ஓட்டுங்கள்.

சர்வீஸ் சென்டரில் ஒரு கேள்வி மறக்காமல் கேளுங்கள்: டேப்பெட் செக் எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை, அதற்கு எத்தனை மணி நேரக் கூலி? சில வண்டிகளில் டேங்க், ஃபேரிங், ரேடியேட்டர் எல்லாம் கழற்றினால்தான் வால்வு மூடியைத் தொடவே முடியும். கோளாறு கண்டுபிடிக்க அவர்களின் ஸ்கேனர் கட்டாயம் என்றால், அந்த சென்டர் உங்களிடமிருந்து எவ்வளவு தூரம் என்பதும் கணக்கில் வர வேண்டும். புதிதாக வடிவமைத்த எஞ்சின் என்றால் ஒரு வருஷம் பொறுங்கள். முதல் வருஷ வண்டிகளில் தெரியும் குறைகள் இரண்டாம் வருஷத் தயாரிப்பில் பெரும்பாலும் திருத்தப்பட்டிருக்கும்.

முடிவு எதுவானாலும்

மாற்றுவது என்றால், இடவசதி இருந்தால் பழைய வண்டியைப் புதியதன் முதல் சர்வீஸ் முடியும்வரை விற்காதீர்கள். முதல் 1,000 கிலோமீட்டருக்குள் உயரம், சூடு, சீட் எல்லாம் தெரிந்துவிடும். விற்கும் முன் பெரிய ரிப்பேர் செய்தால் அந்தப் பணம் திரும்பாது. பேட்டரியும் செயினும் சரியாக இருந்து, சர்வீஸ் பில்கள் ஒரு கவரில் இருந்தாலே விலை நிற்கும். வண்டியின் பதிவு, அதை வாங்கியவர் பெயருக்கு மாறிய சான்று கைக்கு வரும்வரை விடாதீர்கள். அதற்கு முன் நடக்கும் விபத்துக்கு உங்களைத் தேடி வருவார்கள்.

வைத்துக்கொள்வது என்றால், உயிர் காக்கும் வேலைகளை முதலில் செய்யுங்கள்: டயர், பிரேக் ஆயில், பிரேக் ஹோஸ், பிரேக் பேட். அடுத்து கோன் செட், ஃபோர்க் ஆயில், பின் ஷாக். பிறகு ஸ்டேட்டர் கனெக்டர், பேட்டரி எர்த் முனை. எஞ்சினைக் கடைசியில் தொடுங்கள். அளவுகள் சரியாக இருந்தால் தொடவே வேண்டாம். டேப்பெட், கம்ப்ரஷன், சார்ஜிங் அளவுகளைத் தேதியும் கிலோமீட்டரும் போட்டு எழுதி வைத்து, 10,000 கிலோமீட்டர் கழித்து மறுபடி எடுங்கள்.