சிக்னலில் லாரியைக் கண்டறியும் சென்சார்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சாலையில் பதிக்கும் கம்பிச் சுருள், அதாவது லூப், லாரியின் எடையை உணர்கிறது என்றே பலர் நினைக்கிறார்கள். அது எடையைப் பார்ப்பதே இல்லை. மேலே உலோகம் வந்ததும் அதில் சுழல் மின்னோட்டம் உண்டாகி, சுருளின் மின்தூண்டல் குறைகிறது. கருவி கவனிப்பது அந்தக் குறைவை மட்டும்தான். அதனால் தரையை ஒட்டிப் போகும் கார் பளிச்சென்று தெரியும். உயரத் தூக்கி நிற்கும் லாரி மங்கலாகத்தான் தெரியும்.

லூப்பின் குறுகிய பக்கத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு உயரம் வரைதான் நம்பி உணர முடியும். 1.8 மீட்டர் சதுர லூப்புக்கு அது 1.2 மீட்டர். ட்ரெய்லரின் நடுப்பகுதி அதைத் தாண்டினால் சைகை இடையில் அறுந்து, ஒரு லாரி இரண்டு வண்டிகளாகப் பதிவாகும். உடனே உணர்திறனை ஏற்றிவிடுகிறார்கள். அப்புறம் பக்கத்துத் தடத்து வண்டியும் கணக்கில் சேர்ந்துவிடும்.

ஒற்றை லூப்பை வைத்து, வேகத்தை ஊகித்து, நீளம் கணக்கிடுவதும் ஆபத்து. நொடிக்கு 20 மீட்டர் என்று ஊகித்த இடத்தில் 4.5 மீட்டர் கார் ஒன்று 6 மீட்டர் வேகத்தில் ஊர்ந்தால், அது 19 மீட்டர் லாரியாகத் தெரியும். இடைவெளி விட்டு இரண்டு லூப் பதித்தால் வேகத்தை அளந்தே நீளம் சொல்லலாம்.

எனக்கு மிகவும் கவலை தருவது சிக்னலிலிருந்து சென்சார் இருக்கும் தொலைவுதான். மணிக்கு 72 கிலோமீட்டரில் வரும் கார், ஓட்டுநர் சுதாரிக்க 1 நொடி, பிரேக் வேகத்தைக் குறைக்கும் வீதம் 3 மீட்டர்/நொடி² என்று வைத்தால், சுமார் 87 மீட்டரில் நின்றுவிடும். சுமையேற்றிய லாரிக்கு அந்த வீதம் 2 என்று வைத்தால் 120 மீட்டர் வேண்டும். காரை மனதில் வைத்து 90 மீட்டரில் சென்சார் பொருத்தினால், நிற்க முடியாத இடத்துக்குள் லாரி நுழைந்து 30 மீட்டர் ஆன பிறகுதான் சிக்னலுக்கே தகவல் போகும். அதற்குள் மஞ்சள் விழுந்திருந்தால் ஓட்டுநரால் எதுவும் செய்ய முடியாது.

கேமராவைத் தாழ்வாகப் பொருத்தினால் முன்னால் நிற்கும் லாரி பின்னால் உள்ளதை மறைத்துவிடும். அசைவை மட்டுமே உணரும் வெறும் டாப்ளர் ரேடாரோ நின்றுவிட்ட வண்டியைக் காணாது.

பொருத்தி முடித்ததும் ஒரு காரை ஓட்டிப் பார்த்து, சரி என்று கையெழுத்திடாதீர்கள். அந்தத் தடத்தில் வரும் மிக உயரமான ட்ரெய்லரைக் கொண்டு, பகலில் ஒருமுறை, இரவில் ஒருமுறை, நெரிசலில் ஒருமுறை சோதியுங்கள்.