கையில் கடிகாரம் சின்னவனிடம்: கஷ்ட காலத்தில் குடும்பத்தோடு குன்று ஏறுவது எப்படி

எனக்கு வேலை போய் நாலாவது மாதம். வீட்டில் யாரும் சண்டை போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது. மூத்தவள் அறைக்கதவைச் சாத்திக்கொள்வாள். சின்னவன் எது கேட்டாலும் ‘ஒண்ணுமில்லப்பா’ என்பான். அப்போதுதான் மாதம் இரண்டு முறை பக்கத்துக் குன்றுக்கு நால்வருமாக நடக்க ஆரம்பித்தோம்.

முதல் நடை சின்னதாக இருக்கட்டும். போக 2 கிலோமீட்டர், வர 2 போதும். நேரக் கணக்குக்கு ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நைஸ்மித் 1892-இல் சொன்ன விதி இன்றும் கைகொடுக்கும்: ஏறக்குறைய 5 கிலோமீட்டருக்கு 1 மணி நேரம், ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக 1 மணி நேரம். அது திடமான பெரியவர்களின் நடை. ஏழு வயசுப் பையன் எறும்புப் புற்றைப் பார்த்தால் அங்கேயே உட்கார்ந்துவிடுவான். வரும் விடையை நான் இரண்டால் பெருக்கிக்கொள்வேன்.

பையில் தண்ணீர், விசில், டார்ச், மழைக்கோட்டு, காயத்துக்குக் கட்டுத்துணி. புதுச் செருப்போ ஷூவோ வேண்டாம். என் மனைவியின் குதிகால் கொப்புளம் ஆற பத்து நாள் ஆனது.

பிள்ளைகளுக்கு ஒப்புக்கு ஒரு வேலை கொடுக்காதீர்கள், கண்டுபிடித்துவிடுவார்கள். மூத்தவளிடம் வரைபடம். அவள் தப்பாகத் திரும்பினாலும், ஆபத்தில்லாத வரை, நான் வாயைத் திறப்பதில்லை. மெதுவாக நடப்பவர்தான் முன்னால் போக வேண்டும். வழி தவறினால் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும் என்று கிளம்புமுன்பே சொல்லிக்கொடுங்கள். உதவி கேட்க நிமிடத்துக்கு ஆறு முறை விசில், ஒரு நிமிடம் இடைவெளி, மறுபடி ஆறு. பதில் மூன்று விசிலாக வரும். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே 30 நொடிக்குக் குறைவென்றால் உடனே கட்டிடத்துக்கோ காருக்கோ போய்விட வேண்டும். மரத்தடி கூடவே கூடாது. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை வெளியே வராதீர்கள்.

இதையெல்லாம் விட முக்கியம், திரும்பும் நேரம். அதை வீட்டிலேயே, எல்லோரும் உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். உச்சி வந்தாலும் வராவிட்டாலும் அந்த நேரத்தில் திரும்பிவிட வேண்டும். கடிகாரம் சின்னவன் கையில்.

மூன்றாவது நடையில் உச்சிக்கு இன்னும் 200 மீட்டர்தான். பாறை தெரிகிறது. ‘அப்பா, பதினொண்ணு ஆச்சு.’ அந்த வருஷம் ஏதாவது ஒன்றையாவது முடித்துக் காட்ட வேண்டும் என்ற வெறி எனக்கு. ‘பத்தே நிமிஷம்டா’ என்றேன். அவன் அழவில்லை, கெஞ்சவில்லை. கையை நீட்டிக் கடிகாரத்தைக் காட்டிக்கொண்டே நின்றான். ‘நீங்கதானே சொன்னீங்க’ என்றாள் மூத்தவள். திரும்பினோம். நான் ஏதும் பேசவில்லை, முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டுதான் இறங்கினேன். அடிவாரத்துக்கு வரும்போது மழை பிடித்துக்கொண்டது.

நடக்கும்போது வேலை, கடன் பேச்சை நீங்களாக எடுக்காதீர்கள். அறிவுரையும் வேண்டாம். ஒரு முறை இருட்டியபின் அடிவாரத்தில் டார்ச்சை அணைத்துவிட்டு உட்கார்ந்தோம். கண் இருட்டுக்கு நன்றாகப் பழக 20, 30 நிமிடம் ஆகும். முகம் தெரியாத அந்த நேரத்தில்தான் மூத்தவள் கேட்டாள்: ‘நம்மகிட்ட எவ்வளவுப்பா இருக்கு?’

சொன்னேன். முழுத் தொகையையும் சொன்னேன். மறுநாள் வீட்டுக் கணக்குக்கும் ஒரு ‘பதினொண்ணு’ குறித்தோம்: சேமிப்பு இந்த அளவுக்குக் கீழே போனால் சின்ன வீட்டுக்கு மாறிவிடுவது, அதற்குமேல் விவாதம் கிடையாது.

இரண்டு மாதத்தில் அந்த அளவுக்கு வந்துவிட்டோம். நான் கணக்கு நோட்டை மூடி மூடித் திறந்துகொண்டிருந்தபோது சின்னவன் எட்டிப் பார்த்தான். ‘பதினொண்ணு ஆச்சாப்பா?’

ஆமாம் என்றேன். அன்று சாயங்காலமே மூத்தவள் எங்கிருந்தோ நாலு அட்டைப்பெட்டி கொண்டுவந்து வைத்தாள்.