கிராபிக்ஸ் கார்டு வாங்கும் முன் கேபினெட்டைத் திறந்து பாருங்கள்

"டெல் நல்லதா, ஹெச்பி நல்லதா, இல்லை லெனோவோவா?" கம்ப்யூட்டர் வாங்கக் கிளம்புகிறவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். பதில் சொல்லவே முடியாத கேள்வியும் இதுதான். டெல் என்றால் இன்ஸ்பிரானா, லேட்டிட்யூடா, ஏலியன்வேரா? ஹெச்பியில் பெவிலியனும் உண்டு, எலைட்புக்கும் உண்டு. அலுவலகத்தில் கொடுத்த திங்க்பேட் பல வருடம் உழைத்ததைப் பார்த்துவிட்டு, "லெனோவோ என்றால் லெனோவோதான்" என்று மலிவான ஐடியாபேடை வாங்குகிறவர் ஒப்பிட்டது இரண்டு பொருள்களை அல்ல, இரண்டு ஸ்டிக்கர்களை. ஒப்பிடுவதென்றால் ஒரே விலையில், ஒரே வகையில் இருக்கும் மாடல்களை ஒப்பிட வேண்டும். கூடவே, உங்கள் ஊரில் சர்வீஸ் எப்படி, வாரன்டியில் ஆள் வீட்டுக்கு வருவாரா என்றும் விசாரிக்க வேண்டும். "இது அமெரிக்க மால், அது சீன மால்" என்ற கடை வாசல் வாதத்தை விட்டுவிடலாம். டெல்லுக்கு ஸ்ரீபெரும்புதூரில் ஆலை இருக்கிறது, லெனோவோவுக்குப் புதுச்சேரியில். திங்க்பேடே 2005 வரை ஐபிஎம் சரக்குதான்.

கிராபிக்ஸ், அதாவது திரையில் படத்தை வரையும் சிப் அல்லது கார்டு விஷயத்தில் பெயரை நம்புவது இன்னும் ஆபத்து. கேமிங் லேப்டாப்பில் "ஆர்டிஎக்ஸ் 4060" என்று என்விடியா சிப்பின் பெயர் ஒட்டியிருக்கும். அந்தச் சிப்பை 35 வாட்டிலும் ஓட்டலாம், 115 வாட்டிலும் ஓட்டலாம். எவ்வளவு என்பதை லேப்டாப் கம்பெனி முடிவு செய்கிறது. ஒரே பெயர் கொண்ட இரண்டு லேப்டாப்களில் ஒன்று மற்றதைவிட வெகுவாகப் பின்தங்குவதற்கு இதுதான் காரணம். அந்த வாட் அளவு பெரும்பாலும் விவரப் பட்டியலின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும், தேடிப் படியுங்கள். டெஸ்க்டாப் கார்டும் லேப்டாப் சிப்பும் ஒன்று என்றும் நினைக்க வேண்டாம். டெஸ்க்டாப் ஆர்டிஎக்ஸ் 4090-இல் 24 ஜிபி மெமரி, லேப்டாப் 4090-இல் 16 ஜிபி. உள்ளே இருக்கும் சிப்பே வேறு.

லேப்டாப்பில் பிறகு நல்ல கார்டாக மாற்றிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஃபிரேம்வொர்க் 16 போன்ற ஓரிரு விதிவிலக்குகள் போக, கிராபிக்ஸ் சிப் போர்டோடு சேர்த்து சோல்டர் செய்யப்பட்டிருக்கும்.

டெஸ்க்டாப்புக்குத் தனிக் கார்டு வாங்குகிறவர்களுக்கு என்விடியாவின் ஜிடி 1030 ஒரு நல்ல பாடம். 2017-இல் ஜிடிடிஆர்5 மெமரியோடு வந்தது. அடுத்த வருடம் அதே பெயரில் டிடிஆர்4 மெமரியோடு இன்னொன்றை இறக்கினார்கள். மெமரி வேகம் நொடிக்கு 48 ஜிபி இருந்தது 16.8 ஜிபியாகிவிட்டது, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. பெயர் மட்டும் அதேதான். ஆகவே "எத்தனை ஜிபி கார்டு?" என்று மட்டும் கேட்காதீர்கள், எந்த வகை மெமரி, பஸ் (சிப்புக்கும் மெமரிக்கும் நடுவே உள்ள பாதை) எத்தனை பிட் என்றும் கேளுங்கள். ஆர்டிஎக்ஸ் 3060-லும் இந்த வேலை நடந்தது: 12 ஜிபி கார்டு 192 பிட், பின்னால் வந்த 8 ஜிபி கார்டு 128 பிட்.

சரி, பணம் அதிகம் வீணாகும் இடத்துக்கு வருவோம். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலும் ஆன்லைனிலும் பழைய அலுவலக டெஸ்க்டாப்கள் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன: டெல் ஆப்டிப்ளெக்ஸ், ஹெச்பி புரோடெஸ்க், லெனோவோ திங்க்சென்டர். ஐ5 பிராசஸர் இருக்கிறதே, ஒரு கார்டைச் செருகினால் கேமிங் பிசி ஆகிவிடும் என்று கணக்குப் போடுகிறார்கள். கணக்கு சரிதான், ஆனால் கார்டை முதலில் வாங்கிவிடுகிறார்கள். வீட்டுக்கு வந்து மூடியைத் திறந்தால் கார்டின் பாதி வெளியே நிற்கிறது. இந்த ஒல்லி கேபினெட்டுகளில் பாதி உயரமுள்ள லோ ப்ரொஃபைல் கார்டுதான் ஏறும். அதிலும் இரண்டு ஸ்லாட் தடிமன் என்றால் பக்கத்தில் இருக்கும் எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்குக் கரன்ட் கொடுக்கும் பெட்டி) இடிக்கலாம். உள்ளங்கை அளவு மைக்ரோ மாடல் என்றால் பெரும்பாலும் கார்டு போட ஸ்லாட்டே இருக்காது.

அடுத்து கரன்ட். கார்டு, தான் செருகியிருக்கும் ஸ்லாட்டிலிருந்து 75 வாட் வரை எடுக்கலாம். அதற்கு மேல் வேண்டுமென்றால் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தனி வயர் வர வேண்டும்: 6 பின் என்றால் இன்னொரு 75, 8 பின் என்றால் 150. ஆப்டிப்ளெக்ஸ் 7050-இன் ஒல்லி மாடலில் எஸ்எம்பிஎஸ் மொத்தமே 180 வாட், தனி வயரும் கிடையாது. 170 வாட் கேட்கும் ஆர்டிஎக்ஸ் 3060-ஐ அங்கே கொண்டுபோய் என்ன செய்வது? "எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றிவிடலாம்" என்பார்கள். பல டெல், ஹெச்பி அலுவலக மாடல்களில் மதர்போர்டுக்குப் போவது வழக்கமான 24 பின் அல்ல, அவர்களே வகுத்த 6 அல்லது 8 பின். எஸ்எம்பிஎஸ்ஸின் வடிவமும் தனி. கடையில் கிடைக்கும் சாதாரண எஸ்எம்பிஎஸ் உள்ளே உட்காரவே உட்காராது.

இந்தக் கட்டத்தில்தான் ஹார்டு டிஸ்க்குக்குப் போகும் சாட்டா பவர் வயரை 6 பின்னாக மாற்றும் அடாப்டர் நினைவுக்கு வரும். சில நூறு ரூபாய்தான். தயவுசெய்து வேண்டாம். சாட்டா பவர் கனெக்டரில் 12 வோல்ட் பின்கள் மூன்று, ஒவ்வொன்றும் தாங்குவது 1.5 ஆம்பியர். பெருக்கினால் 54 வாட். அதிலிருந்து 75 வாட் உறிஞ்சினால் பிளாஸ்டிக் உருகும், அதோடு நின்றால் அதிர்ஷ்டம்.

தனி வயர் வேண்டாத லோ ப்ரொஃபைல் கார்டுகளும் இருக்கின்றன. ஜிடிஎக்ஸ் 1650-இலும் ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபியிலும் அப்படிப்பட்டவை வந்திருக்கின்றன. பின்னது 70 வாட்தான், என் முதல் சிபாரிசு அதுவே. ஆனால் குள்ளமாக இருப்பதால் மட்டும் சிக்கனமாக இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள், லோ ப்ரொஃபைல் ஆர்டிஎக்ஸ் 4060 கார்டுகள் 8 பின் கேட்கும். ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6400 53 வாட்தான், விலையும் ஆசை காட்டும். அதில் வேறொரு சிக்கல்: கார்டு ஸ்லாட்டில் டேட்டா போகும் பாதைகளான பிசிஐஇ லேன்களில் நான்கை மட்டுமே அது பயன்படுத்துகிறது. பிசிஐஇ 4.0 போர்டில் சமாளித்துவிடும். இன்டெல் டெஸ்க்டாப்புக்கு 4.0 வந்தது 11-ஆம் தலைமுறையில்தான், பழைய அலுவலகப் பெட்டியில் 3.0-இல், அதாவது பாதி வேகத்தில் திணறும். வீடியோ ரெக்கார்டு செய்ய உதவும் என்கோடரும் அதில் கிடையாது. யூடியூப் ஆசை உள்ளவர்கள் கவனிக்க. இன்டெல்லின் ஆர்க் கார்டுகளுக்கு ரீசைசபிள் பார் வசதி (கார்டின் மெமரி முழுவதையும் பிராசஸர் ஒரே மூச்சில் அணுகுவது) வேண்டும். போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸில் அது இல்லாத பழைய போர்டில் ஆர்க் போடுவது பாதிப் பணத்தைக் கடையிலேயே விட்டுவிட்டு வருவது போல.

கார்டே தேவையில்லாத வீடுகளும் உண்டு. பிராண்டட் பிசி பலவற்றில் ஒரே ஒரு 8 ஜிபி ரேம் குச்சியோடு அனுப்புகிறார்கள். பிராசஸருக்குள் இருக்கும் கிராபிக்ஸ் அந்த ரேமையே தன் மெமரியாக வைத்துக்கொள்வதால், இரண்டாவது குச்சி ஏறியதும் இரண்டும் சேர்ந்து வேலை செய்யும் டூயல் சேனலாகி விளையாட்டு கண்ணுக்குத் தெரியுமளவு சுறுசுறுப்பாகும். சின்ன கேம்கள், லேசான எடிட்டிங் மட்டும் என்றால் முதலில் இதைச் செய்து பாருங்கள்.

கார்டு போட்ட பிறகும் வேகம் கூடவில்லை என்று புலம்பினால், முதலில் மானிட்டர் கேபிள் எங்கே செருகியிருக்கிறது என்று பின்னால் போய்ப் பாருங்கள். மதர்போர்டின் ஹெச்டிஎம்ஐயில் இருந்தால், கேமை ஓட்டுவது பழைய உள் கிராபிக்ஸாக இருக்கலாம். ஏஎம்டியிலிருந்து என்விடியாவுக்குத் தாவியவர்கள் பழைய டிரைவரைச் சுத்தமாக நீக்கிவிட்டுப் புதியதைப் போடுவது நல்லது.

அப்புறம் செகண்ட் ஹேண்ட் கார்டு. பத்து வருடத்துக்கு மேலான சிப் உள்ள கார்டின் பயாஸை மாற்றி எழுதி, ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று விற்பது பழைய மோசடி. விண்டோஸே அதை 1050 டிஐ என்று காட்டும். ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருள் பல போலிகளைக் கண்டுபிடித்து, பெயருக்கு முன்னால் போலி என்றே போட்டுவிடும். கடையிலேயே செருகச் சொல்லி, அதை ஓட்டிப் பார்த்து, பத்து நிமிடம் ஒரு கேம் ஓடவிட்டு, ஃபேன் சத்தத்தையும் சூட்டையும் கவனியுங்கள். "அதெல்லாம் இங்கே முடியாது சார்" என்றால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.