ஆர்டர் எண்ணின் கடைசி இலக்கம் பிரவுசரில் மாறுகிறதா?

தி.நகர் துணிக்கடை ஒன்றின் ஆன்லைன் விற்பனையை எடுத்துக்கொள்வோம். வேளச்சேரிக்குப் போகும் ஆர்டரின் எண் 9007199254740993. பெரம்பூருக்குப் போவது 9007199254740992. டேட்டாபேஸில் இரண்டும் சரியாகவே இருக்கும். பிரவுசரிலோ இரண்டுமே 992 என்று முடியும். வேளச்சேரிக்காரர் ரத்து பட்டனை அழுத்தினால் பெரம்பூர் ஆர்டர் ரத்தாகிவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது என்பதுதான் கொடுமை.

பிரவுசரில் ஓடும் ஜாவாஸ்கிரிப்டின் சாதாரண எண் 64 பிட் மிதவைப் புள்ளி எண் (தசம எண்களையும் வைக்கும் வகை). முழு எண்ணைத் துல்லியமாகப் பிடிக்க அதில் 53 பிட்தான் உண்டு. 9007199254740991 வரை கவலையில்லை. சர்வரில் உள்ள ஜாவாவின் லாங், டேட்டாபேஸின் பிக்இன்ட் என்ற முழு எண் வகைகள் இரண்டும் 19 இலக்கம் வரை போகும். ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பிக்கும் டெஸ்ட் டேட்டாபேஸில் இந்தக் கோளாறு தலைகாட்டாது.

சந்தேகம் வந்தால் குரோமின் டெவலப்பர் கருவிகளில் நெட்வொர்க் பகுதிக்குப் போய் ரெஸ்பான்ஸ் (சர்வர் அனுப்பியபடியே), பிரிவ்யூ (பிரவுசர் பிரித்துப் படித்தது) இரண்டையும் ஒப்பிடுங்கள். ரெஸ்பான்ஸில் 1234567890123456789, பிரிவ்யூவில் 1234567890123456800 என்றிருந்தால் சர்வர் மேல் தப்பில்லை. ஜேசனை, அதாவது சர்வர் தகவல் அனுப்பும் உரை வடிவத்தை, பிரிக்கும்போதே இலக்கங்கள் போய்விட்டன. போனதைப் பிறகு ஜாவாஸ்கிரிப்டின் பிக்இன்ட்டாக (பெரிய முழு எண்களுக்கான தனி வகை) மாற்றி மீட்க முடியாது.

ஆகவே சர்வரிலேயே எண்ணை மேற்கோள் குறிக்குள் போட்டு ஸ்ட்ரிங்காக, அதாவது எழுத்துத் தொடராக, அனுப்புங்கள். ஜாவாவில் ஜேசன் உருவாக்கும் ஜாக்சன் நூலகம் இருந்தால் அந்த ஃபீல்டுக்கு மட்டும், எண்ணை ஸ்ட்ரிங்காக எழுதும் டு-ஸ்ட்ரிங் சீரியலைசரைப் போட்டால் போதும். ஏற்கெனவே மொபைல் ஆப் ஒன்று அந்த ஃபீல்டை எண்ணாகப் படிக்கிறதென்றால் அதன் வகையை மாற்றாதீர்கள், ஆப் விழுந்துவிடும். பக்கத்தில் புது ஃபீல்டு சேருங்கள். ட்விட்டர் 2010-இல் தன் ட்வீட் எண்களுக்கு இதைத்தான் செய்தது.

பிரவுசர் பக்கம் அந்த ஸ்ட்ரிங்கை எண்ணாக்க முன்னால் கூட்டல் குறி போடுவது, பார்ஸ்இன்ட் செய்வது இரண்டுமே கூடாது. வரிசைப்படுத்தும்போது மட்டும் பிக்இன்ட்டாக மாற்றி ஒப்பிடுங்கள். ஸ்ட்ரிங்காகவே ஒப்பிட்டால் 10-க்குப் பிறகுதான் 9 வரும். பிக்இன்ட்டை அப்படியே ஜேசனாக்கப் பார்த்தால் டைப்எரர் கிடைக்கும், முதலில் ஸ்ட்ரிங்காக்குங்கள். திரும்பி வருவதை சர்வர் லாங்காக மாற்றுமுன் இலக்கங்கள் மட்டுமே உள்ளனவா என்று பார்க்கட்டும்.

பைசாவில் வைத்த தொகைக்கு இதெல்லாம் தேவையில்லை. 90 லட்சம் கோடி ரூபாய் வரை சாதாரண எண்ணே தாங்கும்.

டெஸ்டில் 9007199254740993-ஐக் கட்டாயம் வையுங்கள். சர்வரிலிருந்து பிரவுசர் போய்த் திரும்பும்போது கடைசி இலக்கம் 3-ஆகவே இருக்க வேண்டும்.